உறிஞ்சும் பக்கத்து ஓட்டை

செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட டீசல் பம்ப், பொற்கொடியின் கட்டைவிரலைக் கவ்வி இழுத்தது.

அவள் விரலைப் பிடுங்கினாள். 'ப்ளக்' என்றது. மறுபடி ஓட்டையில் விரலை வைத்து, பம்ப்பின் தலையிலிருந்த கைப்பிடியை மேலும் கீழும் அமுக்கினாள். பசியோடு மடியை முட்டும் கன்றுக்குட்டி மாதிரி மறுபடி இழுத்தது.

"என்னம்மா, இழுக்குதா?" சாக்கின் மேல் கிடந்த செல்போனிலிருந்து அப்துல் நாசரின் குரல் கேட்டது. கோவை கரும்புக்கடையில் டீசல் வண்டி மெக்கானிக். இந்தப் பழைய பிக்கப்பைப் பொற்கொடிக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து அதற்கு வைத்தியம் பார்ப்பவரும் அவர்தான்.

"விரலே போயிரும்போல இருக்குதுங் பாய்."

"அப்ப அது நல்ல பம்ப். எந்த மகராசன் அது போச்சுன்னு சொன்னது?"

"தம்பிதானுங்."

"அவன் தோட்டத்துக்கு சொட்டுநீர் பைப் போடறவன்தானே? வண்டிக்கும் அவன்தான் டாக்டரா?"

பொற்கொடி கைப்பிடியை இன்னொரு முறை அழுத்தமாக அமுக்கினாள். தம்பி தமிழ்வேந்தனை யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அது நாசர் பாயாகவே இருந்தாலும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில், வீட்டு வாசலில், முருங்கை மரத்தடியில் பிக்கப் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. புருஷன் மாசாணம் ஸ்பேனர்களைத் துண்டில் வரிசையாகப் பரப்பி வைத்து, கேட்டதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நூற்பாலையில் ஷிப்ட் வேலை அவனுக்கு. நட்டும் போல்ட்டும் ஆகாது.

நாளைக்கு வண்டி ஓடியாக வேண்டும். ஓடினால்தான் பிழைப்பு.

பெருந்துறை சிப்காட்டில் ஒரு கேன்டீனுக்கு ஞாயிறு தவிர தினமும் கோபியிலிருந்து வாழையிலையும் காய்கறியும் கொண்டுபோய் இறக்குவது பொற்கொடியின் வேலை. இலை ஏற்றுவது அவளுடைய அம்மா கூலிக்கு இலை அறுத்த தோட்டங்களில்தான். அதே தோட்டங்களுக்குள் இவள் இப்போது ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு நுழைகிறாள். அந்த ஒரு வாடகைதான் வண்டிக்கு உயிர். ஆனால் இந்த மாதத்தில் மூன்று முறை, பெருந்துறை ரோட்டில் கரட்டு மேடு ஏறும்போது, வண்டி இருமி இருமி நின்றுவிட்டது.

கேன்டீனை நடத்தும் வெங்கடபதி மரியாதையான மனுஷன். மரியாதையாகவே சொல்லிவிட்டார். "அம்மணி, சோத்து நேரத்துக்கு இலை வரலீன்னா நான் யாருக்குப் பதில் சொல்லட்டுமுங்க? இன்னொருக்கா நின்னுதுன்னா வேற வண்டி பாத்துக்கறனுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

மூன்று முறையும் காப்பாற்றியது தமிழ்வேந்தன்தான். போன் போட்ட கொஞ்ச நேரத்தில் புத்தம்புது பிக்கப் ஒன்றில் வந்து நிற்பான். "பக்கத்துலதான் பைப் வேலையா இருந்தேங்க்கா. வண்டி சிநேகிதனுது." சரக்கை மாற்றி ஏற்றிப் பெருந்துறையில் கொண்டுபோய் இறக்குவான். திரும்பி வந்து இவள் வண்டிக்கு அடியில் நுழைவான். கொஞ்ச நேரம் எதையோ தட்டுவான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும்.

"உன்ற கைக்கு மட்டும் எப்படி கண்ணு கேக்குது?"

"ராசிக் கையிங்க்கா." கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பான். "ஆனா பம்ப் போச்சு. பழைய வண்டிக்கு இத மாத்துனா அடுத்து அது போகும். பேசாம வித்துப்போடு."

விற்க மனசு வரவில்லை. கோபியில் புது பம்ப் வாங்கிவந்து, நாசர் பாய் போனில் சொல்லச் சொல்ல, தானே கழற்ற உட்கார்ந்தாள். கழற்றிய பம்ப் இப்போது விரலை இழுக்கிறது.

"ஏம்மா, லைன்ல இருக்கியா?" என்றார் நாசர். "பம்ப் நல்லா இருந்து வண்டி நிக்குதுன்னா காத்து உள்ள போகுது. டேங்க்ல இருந்து பம்ப்புக்கு வர ஓஸத் தடவிப் பாரு. அது உறிஞ்சற பக்கம். அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய சொட்டாது. காத்துதான் உள்ள போகும். உங்கூர்ல கெணத்து மோட்டார் காத்துப் புடிச்சா தண்ணி எடுக்குதா? அதே கதைதான்."

பொற்கொடி போனை அணைத்துவிட்டு, சேலையை வரிந்து செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

ரப்பர் ஓஸ் நெடுகச் சேறு காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. விரலால் தடவிக்கொண்டே போனாள். சேசிஸுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத வளைவில், சேறு இல்லை. ஒரு சாண் தூரம் யாரோ துடைத்து வைத்த மாதிரி வழவழவென்று இருந்தது. அதன் மேல்புறத்தில் விரல் நுனியில் ஏதோ தட்டியது. மிளகு அளவு. கறுப்பு ஓஸில் கறுப்பு மிளகு.

குறடால் பிடித்து இழுத்தாள். வந்தது.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பார்க்கவே தேவையில்லை. இருட்டில் கொடுத்தாலும் அவளுக்குத் தெரியும்.

சொட்டுநீர்க் குழாயில் ஓட்டை போட ஒரு சின்னக் கருவி உண்டு. பஞ்ச் என்பார்கள். தப்பான இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டால் அதை அடைக்க ஒரு பிளாஸ்டிக் ஆணி. தோட்டங்களில் அதற்கு டம்மி என்று பேர். பைப் வேலைக்காரன் சட்டைப்பையில் சில்லறை இருக்கிறதோ இல்லையோ, டம்மி இருக்கும்.

தமிழ்வேந்தன் அந்த வேலைக்குப் போன முதல் வருஷம். மரத்துக்கு மரம் இடைவெளி கணக்குத் தெரியாமல் கண்டபடி ஓட்டை போட்டுக்கொண்டே போவான். தோட்டக்காரர் பார்த்தால் துரத்திவிடுவார். பொற்கொடி மடியில் டம்மியைக் கட்டிக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல், அவன் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அடைத்தாள். ஒரு தோட்டம் இல்லை. அந்தக் கோடை முழுக்க.

அவள் ஓஸைத் திருகி ஓட்டையைப் பார்த்தாள். வட்டமாக, சுத்தமாக, பஞ்ச் வைத்து அமுக்கிய ஓட்டை.

வண்டி நின்ற நாட்களை ஒவ்வொன்றாக யோசித்தாள். அந்த நாட்களில் எல்லாம் காலையில் இலைக்கட்டு ஏற்ற ஒத்தாசைக்கு வந்தவன் யார்? டம்மியைப் பாதி இழுத்துவிட்டால் போதும். ஃபில்டரில் இருக்கும் டீசல் தீரும்வரை வண்டி ஓடும். மேட்டில் மூச்சு வாங்கும்போது நிற்கும். வந்து அடியில் நுழைந்து டம்மியை அமுக்கிவிட்டால் ராசிக் கை.

"என்ன புள்ள, ஆப்புட்டுதா?" மாசாணம் குனிந்து எட்டிப் பார்த்தான்.

பொற்கொடி டம்மியை இடுப்பில் செருகினாள். "ஓஸ் வெடிச்சிருக்குதுங். கவுந்தப்பாடி போய் இதே அளவுக்குப் புதுசு வாங்கியாறீங்களா?"

"பம்ப்பு?"

"அதையும் மாட்டறேன். போய்ட்டு வாங்க."

அவன் மொபெட்டை உதைத்துக் கிளம்பினான். அவள் முருங்கை மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை நல்லதுக்கே செய்திருப்பானோ? ஓட்டையைப் பார்த்து, அவசரத்துக்குக் கையில் இருந்ததை வைத்து அடைத்திருப்பானோ? கேட்டால் அப்படித்தான் சொல்வான். அவன் வாயைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அந்த வாய்க்கு அவள் எத்தனையோ தடவை மயங்கியிருக்கிறாள்.

கையைக் கேட்கலாம்.

மாசாணம் வந்ததும் புது ஓஸை மாட்டினாள். புது பம்ப்பையும் மாட்டினாள். வாளியில் சேற்றைக் குழைத்து ஓஸ் முழுக்கப் பூசினாள்.

"புது ஓஸுக்கு எதுக்கு புள்ள சேறு?"

"திருஷ்டி படாம இருக்கட்டுமுங்."

பிறகு போன் போட்டாள். "கண்ணு, புது பம்ப் மாட்டிப்போட்டேன். ஸ்டார்ட் ஆகுது, சித்த நேரத்துல நின்னுபோகுது. நீ ஒருக்கா வந்து பாரேன்."

"நாந்தான் சொன்னேன்லக்கா," என்றான் தமிழ்வேந்தன். அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததோ? "இரு, வாரேன்."

பைக்கில் வந்தான். தோளில் பைப் வேலைப் பை. வாசலில் நுழையும்போதே மாசாணத்தைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நீங்க ஸ்பேனர் புடிக்கற அழகுக்கே வண்டி பயந்து நின்னிருக்கும்."

"போடா மாப்ள. கொடுக்கறது மட்டும்தான் நான். புடிக்கறது உங்கக்கா."

"ஏங்க்கா, காயலாங்கடைக்குப் போட வேண்டியதுக்குப் புது பம்ப் மாட்டி அழகு பாக்கறயா?"

"பாரு கண்ணு. உன்ற ராசிக் கைய வச்சுப் பாரு."

அவன் பையை இறக்கிவிட்டு மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். பொற்கொடி மறுபக்கம் போனாள். தரையில் முழங்கையை ஊன்றி, கன்னம் மண்ணில் படும்படி குனிந்தாள்.

"புது பம்ப்ல ஏர் நின்னிருக்கும்க்கா," என்று அவன் பேசிக்கொண்டிருந்தான். "கம்பெனி மால்தானே வாங்கின? இப்பெல்லாம் டூப்ளிகேட்டு வந்திருச்சு…"

கண்ணும் பேச்சும் பம்ப் மேல். இடது கை மட்டும் தனியாகக் கிளம்பியது. சேசிஸுக்குப் பின்னால் போனது. தடவவில்லை, தேடவில்லை, நேராக அந்த வளைவுக்குப் போய், மேல்புறத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கியது.

அங்கே ஒன்றும் இல்லை.

விரல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. பின்னால் வந்தது. சேற்றைச் சுரண்டியது. மறுபடி முன்னால். பேச்சு நின்றுபோனது.

"என்ன கண்ணு தேடற?"

"ஒண்ணுமில்லீங்க்கா. ஓஸ் டைட்டா இருக்குதான்னு…"

"இதையா?"

வண்டிக்கு அடியில், இருவர் முகத்துக்கும் நடுவில், அவள் உள்ளங்கையை விரித்தாள்.

அவன் டம்மியைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. நகர்ந்து வெளியே வந்து, எழுந்து, முதுகிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டான். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான்.

"எலி கடிச்சு ஓட்டையா இருந்துச்சுக்கா. மொத தடவ நின்னப்பவே பாத்து நாந்தான் அடைச்சு உட்டேன். உங்கிட்டச் சொல்லோணும்னு…"

பொற்கொடி பழைய ஓஸை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "நம்மூர் எலிக்கு எப்படா வட்டமாப் பல்லு மொளைச்சுது?"

"அக்கா…"

"சரி, எலிதான். மொத தடவையே அடைச்சுப்போட்ட. அப்புறம் எதுக்கு ரெண்டு தடவ நின்னுது?"

"அதான் பம்ப் போச்சுன்னு சொன்னேன்ல."

"நீ சரக்கு ஏத்தி உட்டயே, புது வண்டி. அது யாருது?"

"சிநேகிதனுதுன்னு…"

அதைச் சொல்லும்போது அவன் கண் ஒரு கணம் மாசாணத்தின் பக்கம் போய்த் திரும்பியது. ஒரு கணம்தான். பொற்கொடிக்கு அது போதுமானதாக இருந்தது. மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் துண்டில் இருந்த ஸ்பேனர்களைச் சின்னதிலிருந்து பெரிசாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அடுக்கியிருந்ததைத்தான்.

"ஏனுங்க."

"அது பூஜிதா பேர்ல எடுத்ததாமா," என்றான் மாசாணம் தரையைப் பார்த்துக்கொண்டு. பூஜிதா தமிழ்வேந்தனின் பொண்டாட்டி. "லோனுல எடுத்திருக்கறான். உங்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு சொன்னான்."

"உங்ககிட்டச் சொன்னானா?"

"உனக்கு இடுப்பு வலி புள்ள. ராத்திரியெல்லாம் முனகற. அவன் ஓட்டுனா நீ ஊட்டுல இருக்கலாம்னு நெனச்சேன். இந்த ஓட்டை சமாச்சாரமெல்லாம் எனக்குத் தெரியாது. நெசமாத் தெரியாது."

முருங்கைப் பூ ஒன்று பானெட்டின் மேல் விழுந்தது. பொற்கொடி அதைத் தட்டிவிட்டாள். செல்போனை எடுத்து வெங்கடபதியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க அம்மணி. தம்பி எல்லாம் சொன்னாருங்க. நாளையில இருந்து அவரு புது வண்டிதான்னு. நீங்க வண்டிய விக்கறீங்களாமா?"

தமிழ்வேந்தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். மறுபடி கழற்றிக் கீழே வைத்தான்.

"இல்லீங்க," என்றாள் பொற்கொடி. "நாளைக்கு எம் பழைய வண்டிதானுங்க வரும்."

"நடுவுல நின்னுபோச்சுன்னா?"

"நின்னுபோச்சுன்னா அதுக்கப்புறம் நானா வந்து கேக்க மாட்டனுங்க."

"சரிங்க. உங்க பேச்சுக்கு ஒருக்கா பாக்கறேன்."

போனை வைத்தாள். எப்போதோ பேசியிருக்க வேண்டிய தமிழ்வேந்தன் கடைசியில் பேசினான்.

"புது வண்டின்னு சொல்லியிருக்கோணும், தப்புத்தான். பூஜிதா ஊட்டுல வண்டி வண்டின்னு அரிச்சாங்க. எடுத்துப்போட்டேன். ஓடறதுக்கு வாடகை வேணும்ல? ஆனா ஒண்ணுக்கா, பம்ப் போனது நெசம். அம்மா மேல சத்தியமா நெசம். அந்தப் பழைய பம்ப்ப மறுபடி மாட்டி ஓட்டிப் பாரு, கரட்டு மேட்டுல நிக்கலீன்னா என்னை என்னன்னு வேணாக் கேளு."

அவர்களுடைய அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது. அவள் பேரில் அவன் இதுவரை பொய்ச் சத்தியம் செய்ததில்லை. பொற்கொடிக்குத் தெரிந்து.

"சரி," என்றாள்.

மாட்டிய புது பம்ப்பைக் கழற்றினாள். மாசாணம் ஸ்பேனரை நீட்டினான். முதல் தடவையாகச் சரியான ஸ்பேனர். அவள் அதை வாங்காமல், துண்டிலிருந்து அதே அளவில் இன்னொன்றைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். பழைய பம்ப்பை ஏற்றி, செம்பு வாஷர்களைத் துடைத்து வைத்து முறுக்கினாள். உள்ளே நின்ற காற்று போக ஃபில்டர் தலையிலிருந்த ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுக் கைப்பிடியை அமுக்கினாள். முதலில் நுரை வந்தது. சோப்புத் தண்ணி மாதிரி குமிழ் குமிழாக. அமுக்க அமுக்க நுரை ஒடுங்கி, டீசல் சுத்தமாகக் கசிந்தது. ஸ்க்ரூவை இறுக்கினாள். கையைக் கழுவவில்லை. அப்படியே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

வண்டி பிடித்துக்கொண்டது.

வண்டியின் பின்னால், தோட்டத்தில் இறக்க வேண்டிய எருமூட்டைகள் அப்படியே இருந்தன. மேடேற்றிச் சோதிக்க அந்தப் பாரமும் சரிதான்.

மாசாணம் இடப்பக்கக் கதவுக்கு வந்து நின்றான். அந்தக் கதவு வெளியிலிருந்து திறக்காது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். உள்ளே இருப்பவர்கள் எட்டித் தாழ்ப்பாளைத் தூக்கிவிட வேண்டும். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கே கிளம்பினாலும் பொற்கொடி சாய்ந்து எட்டி அதைத் தூக்கிவிடுவாள். அவன் ஏறுவான்.

அவன் கண்ணாடியில் விரலால் தட்டினான். அவள் கியரைப் போட்டாள்.

வாசலில் தமிழ்வேந்தன் நின்றிருந்தான். வண்டி வருவதைப் பார்த்து ஒதுங்கினான். சின்ன வயசில் அடி வாங்கப்போகும்போது நிற்பானே, தோளைக் குறுக்கிக்கொண்டு, அதே மாதிரி. ஜன்னல் அவன் முகத்துக்கு நேராக வந்தபோது பொற்கொடி பிரேக்கை மிதித்தாள். டம்மியை அவன் சட்டைப்பையில் போட்டாள். அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

பெருந்துறை ரோடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மில் பஸ்கள் இல்லை. வெயில் தணிந்து, வாழைத்தோப்புகள் இரண்டு பக்கமும் அசையாமல் நின்றன. வண்டி வழக்கம்போலக் கடகடத்துக்கொண்டு போனது. ஒரு கோளாறும் இல்லை.

தூரத்தில் கரட்டு மேடு தெரிந்தது. அங்கேதான் நிற்கும். முதலில் ஆக்ஸிலரேட்டர் காலுக்குக் கீழே லேசாகும். அப்புறம் ஒரு இருமல். இன்னொரு இருமல்.

மேடு தொடங்கியது. கியரைக் குறைத்தாள். காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள்.

நின்றுவிட்டால் பெருந்துறை போச்சு. வண்டி போச்சு. அம்மா மாதிரி யாருடைய தோட்டத்திலாவது குனிந்து இலை அறுக்க வேண்டியதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பாதி மேடு ஏறியபோது, தன் வாய் முணுமுணுப்பதை அவளே கேட்டாள்.

"இருமு. ஒருக்கா இருமு சாமி."

ஒரே ஒரு இருமல் போதும். பம்ப் போனது நிஜமாகிவிடும். அம்மா பேரில் செய்த சத்தியம் நிஜமாகிவிடும். எலிகூடத்தான் என்ன, வட்டமாகக் கடித்திருக்கக்கூடாதா?

வண்டி ஏறியது. மூட்டைகளின் பாரத்தோடு, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, ஒரு மூச்சுகூடத் தடுமாறாமல் ஏறியது. வழக்கமாக நிற்கும் வேப்பமரம் வந்தது, பின்னால் போனது. மேட்டின் உச்சி வந்தது. கீழே சிப்காட்டின் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன.

பொற்கொடி ஓரம்கட்டினாள். என்ஜினை உடனே அணைக்கவில்லை. சும்மா ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளே சாவியைத் திருப்பி அதை நிறுத்தினாள்.

பக்கக் கண்ணாடியில் ஏறி வந்த ரோடு முழுசாகத் தெரிந்தது. இந்த மேட்டில் வண்டி நின்றால், கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு புது பிக்கப் ஏறி வரும். பக்கத்துலதான் இருந்தேங்க்கா என்று ஒருவன் சிரித்துக்கொண்டே இறங்குவான்.

டீசல் கறை படிந்த கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி, அவள் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.